ஒரு வினைச்சொல்லும் அக்காவின் எழுதிங்களும்

உடுமலைப்பேட்டை
12.1.1997

ஈஸ்வரா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் சேதி. கோகிலவாணிக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிற குடும்பம். பையனுக்குப் பேச்சு குறைவு. அதனால் என்ன, நம் கோகிலா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வாள். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தென்னைக்குத் தண்ணி பத்தறதில்லீங்களா?" என்று கேட்டார். உன் மாமாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனிதர்கள். ஆவணியில் கல்யாணம்.

அதற்கு முன்னால், வைகாசியில், என் எழுதிங்கள் சீர் நடந்தாக வேண்டும். நீ அந்தக் குளிரில் கிடந்து இதையெல்லாம் மறந்திருப்பாய் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்கிற சீர் அது. கூடப் பிறந்தவன் சேலை எடுத்து வந்து, சீர்களை நடத்தி வைக்கிற அருமைக்காரர் முன்னால் நின்று செய்ய வேண்டும். அது ஆகாதவள் எந்தக் கல்யாணத்திலும் சீர் செய்ய நிற்கக் கூடாது, பெற்ற மகளின் கல்யாணமாக இருந்தாலும். அப்பா ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றார். பிறகு அவர் போனார், அம்மா போனாள், நீ விமானம் ஏறினாய்.

போன வைகாசியில் என் கொழுந்தனார் மகன் கல்யாணத்தில் பெண்கள் சீர்த்தட்டு எடுத்தபோது நானும் மறந்துபோய்க் கை நீட்டிவிட்டேன். என் ஓரகத்தி ராமாத்தாள் சிரித்துக்கொண்டே, "நீங்க அப்படி உக்காருங்க்கா, உங்களுக்குத்தான் இன்னும் எழுதிங்கள் ஆகலீங்களே" என்றாள். பந்தலே திரும்பிப் பார்த்தது. என் எழுதிங்கள் நடக்காவிட்டால், கோகிலாவின் கல்யாணத்தில் அவள்தான் தட்டு எடுத்து முன்னால் நிற்பாள். பெற்றவள் நான் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அது மட்டும் நடக்கக் கூடாது.

எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். வந்துவிடு. ஒரு வாரம் போதும்.

நீ அங்கே என்ன படிக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் நான் இன்னமும் நூற்பாலை மிஷின் என்றுதான் சொல்லி வருகிறேன். மிஷினை விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லை உட்கார்ந்து படிக்கிறான் என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். உருளைக்கிழங்கை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
தெய்வாத்தாள்


மார்புர்க், ஜெர்மனி
2.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கோகிலா கல்யாணச் செய்தியைப் படித்தபோது அறையில் தனியாகச் சிரித்தேன். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியதுதான் எனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளையிடம் என் அனுதாபத்தைத் தெரிவியுங்கள்.

நீங்கள் மிஷின் என்று சொல்வதில் தவறில்லை. நான் மிஷின் படிக்கத்தானே வந்தேன். மொழி வகுப்பில் ஒரு வினைச்சொல் என்னைப் பிடித்துக்கொண்டது, பிறகு மிஷின் பக்கம் போகவே முடியவில்லை. அந்தச் சொல் ப்ளைபன். இங்கே குழந்தைகூட ஒரு நாளைக்குப் பல முறை சொல்லும். 'தங்கு', 'அப்படியே இரு', 'மிஞ்சி நில்' என்றெல்லாம் பொருள். இந்தப் பொருளுக்கு அது எப்படி வந்தது என்பதுதான் என் ஆராய்ச்சி.

வேரைத் தேடிக்கொண்டு போனால், தங்குவது என்ற எண்ணமே அங்கே இல்லை. கொழுப்பு, எண்ணெய், பிசுபிசுப்பு, ஒட்டிக்கொள்வது, இவைதான் இருக்கின்றன. நம்மூர் வைத்தியர் பூசுகிற லேபனம் என்ற வடசொல்லும் அதே வேரில் வந்ததுதான் என்கிறார்கள். ஒட்டிக்கொண்டது எதுவோ அது மிஞ்சுகிறது, மிஞ்சியது தங்குகிறது. ஜெர்மன் மொழியில் உயிர் வாழ்வதைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் விட்டுப் போவதைக் குறிக்கும் சொல்லும் இதன் உடன்பிறப்புகள். விட்டுப் போவது எப்படி ஒரே குடும்பம் ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றை அது இருக்கிற இடத்திலேயே இருக்கும்படி செய்துவிட்டு நகர்வதுதான் விட்டுப் போவது. ஆயிரம் வருஷத்துக்கு முன் மடங்களில் எழுதிய சுவடிகளில் இதன் தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை ஏறக்குறைய முடிகிற நிலை.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். வைகாசியில் என்னால் வர முடியாது அக்கா. நான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அது கைக்கு வருவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்று உறுதி இல்லை. ஆய்வேட்டை ஜூலையில் ஒப்படைக்கிறேன். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வருவேன். எழுதிங்களை ஆவணிக்குத் தள்ளிப் போட முடியாதா? கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் நான் இருப்பேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி
ஈஸ்வரமூர்த்தி


உடுமலைப்பேட்டை
20.2.1997

ஈஸ்வரா,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய், பிசுபிசுப்பு என்று வந்த இடத்தில், "தம்பி எண்ணெய் ஆலையில சேந்துட்டானா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. நான் வரச் சொல்லி எழுதியது உன்னை. நீ எனக்கு ஒரு சொல்லை அனுப்பி வைத்திருக்கிறாய்.

ஆவணிக்குத் தள்ள முடியாது. கல்யாணத்துக்கு உடுமலையில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. ஆடியில் எதுவும் கூடாது. ஆவணியில் என் சீரையும் மகள் கல்யாணத்தையும் ஒட்ட வைத்துச் செய்யக் கூடாது என்று அருமைக்காரர் கையை விரித்துவிட்டார். இந்த வீட்டில் ஒரு நாளைத் தள்ளிப் போடுவது என்றால் என் மாமியாரில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் வரை நான் பதில் சொல்ல வேண்டும். உனக்கு அது தெரியாது, நீ யாருக்கும் பதில் சொல்லி வளர்ந்தவன் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நம் பெரியப்பா மகன் சென்னியப்பன் போன ஞாயிற்றுக்கிழமை அன்னூரிலிருந்து வந்திருந்தான். தோப்பில் உட்கார்ந்து மாமாவிடம் ரொம்ப நேரம் வேறு என்னென்னவோ பேசினான். கிளம்பும்போதுதான், "ஈஸ்வரனால வர முடியலீன்னா சொல்லுங்க்கா, நான் வந்து நின்னு செஞ்சுபோடறேன். நானும் உங்களுக்குத் தம்பிதானுங்க, பொறந்தவன்தானுங்க" என்றான். நல்லவன். வஞ்சகம் இல்லாதவன். மாமாவுக்கு அது பிடித்துவிட்டது.

எனக்குப் பிடிக்கவில்லை ஈஸ்வரா. நீ பிறந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். எனக்கு நீ நிற்க வேண்டும். அவன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நீ வருகிற தேதியைச் சொல். மற்றதை நான் சண்டை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எழுத வேண்டியது நீதான். நான் வேண்டாம் என்று சொன்னால் பெரியப்பா வீட்டோடு பகையாகிவிடும்.

அனுமதி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு வர முடியாதா? அந்தச் சொல் ஆயிரம் வருஷமாக அங்கேதானே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அக்கா
தெய்வாத்தாள்


மார்புர்க்
14.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் அலைந்தேன். ஒவ்வொரு முறை எடுத்துப் படிக்கும்போதும் விமானச் சீட்டு வாங்கிவிட வேண்டும் என்று தோன்றும். நூலகத்துக்குள் நுழைந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே கேட்கிறேன். சென்னியப்பன் வந்து நிற்பதில் அப்படி என்ன நஷ்டம்? ஒரு காலைப் பொழுதுக்குச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். உங்களுக்குச் சீர் ஆகிவிடும். கல்யாணத்தில் தட்டு எடுப்பீர்கள். ராமாத்தாள் அக்காவின் வாயும் மூடும். உங்களுக்கு வேண்டியது அதுதானே? ஆவணியில் நான் வந்து தாய்மாமனாக மேடையில் நிற்கிறேன். என் சகோதரன் ஒருத்தன் என் வேலையை ஒரு நாள் பார்த்தான் என்றால் அதில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றிதான்.

ஊரில் யாரும் பேச்சு எழுப்பக் கூடாது என்பதற்காகத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அருமைக்காரரிடம் காட்டுங்கள். 'என் தமக்கை தெய்வாத்தாளின் எழுதிங்கள் சீருக்கு என் இடத்தில் என் பெரியப்பா மகன் சென்னியப்பன் நிற்க எனக்கு முழுச் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று தேதியும் ஊரும் போட்டிருக்கிறேன்.

அந்தச் சொல் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் பேராசிரியரிடம் சொன்னேன். அதுதான் அதன் சரியான பொருள் என்று சிரித்தார். அடுத்த செமஸ்டரோடு அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் நான் முடித்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி
ஈஸ்வரமூர்த்தி


உடுமலைப்பேட்டை
8.6.1997

ஈஸ்வரமூர்த்திக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை.

எழுதிங்கள் வியாழக்கிழமை முடிந்தது. உன் தாளை அருமைக்காரர் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படித்தார். "பொறந்தவன் சுயபுத்தியோட எழுதியிருக்கறானுங்களா? ஆரும் கட்டாயப்படுத்தலீங்களே?" என்று மாமாவைக் கேட்டார். அதெல்லாம் இல்லைங்க என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, உனக்குச் சம்மதந்தானா?" என்றார். பந்தல் நிறைய ஜனம். சென்னியப்பன் வேட்டி சட்டையோடு சேலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன்.

சீர் முடிந்து அவனுக்கு விபூதி பூசிவிட்டு அருமைக்காரர் சொன்னார்: "இனி இந்த அம்மணிக்குப் பொறந்தவன் நீதானப்பா. நல்லதுக்கும் கெட்டதுக்கும் முன்னால வந்து நிக்கோணும். உட்டுப்போடக் கூடாது." அவன் "உடமாட்டனுங்க" என்றான். அழுதுவிட்டான்.

ஒரு காலைப் பொழுது என்று எழுதியிருந்தாய். ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் நின்றால் அது அந்த நாளோடு போவதில்லை ஈஸ்வரா. எழுதிங்களுக்கு நின்றவன்தான் அப்புறம் எல்லாவற்றுக்கும். இது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரிந்துதான் எழுதினாய் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்காது என்று நான் மட்டும்தான் நினைக்கிறேன்.

சேலை அரக்கு நிறம். நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா


மார்புர்க்
29.6.1997

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அப்பா இருந்த காலத்தில் சீர் என்றால் பெண்கள் பக்கத்து வேலை என்று நான் பந்தலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தவன். ஒரு வினைச்சொல் ஆயிரம் வருஷத்தில் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியும். ஒரு தாளில் நான் எழுதிய ஒரு வரி என் ஊரில் என்னவாகும் என்று தெரியவில்லை.

ஆனால் இது சரி செய்ய முடியாத காரியமா? நான் உயிரோடு இருக்கிறேன். உங்களோடு ஒரு வயிற்றில் பிறந்தவன். அருமைக்காரருக்கு நானே எழுதுகிறேன். அது அந்த ஒரு நாளைக்கு மட்டும் கொடுத்த சம்மதம் என்று விளக்கிச் சொல்கிறேன். சென்னியப்பனுக்கும் எழுதுகிறேன். நியாயமானவன், ஒப்புக்கொள்வான்.

இங்கே இன்னொரு செய்தி. ஆய்வேட்டின் முக்கால் பகுதியைப் பேராசிரியரின் இடத்துக்கு வருகிறவரிடம் கொடுத்திருந்தேன். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்துச் சொன்னார்: இதில் இருப்பதெல்லாம் சரி, ஆனால் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது, நீங்கள் புதிதாகச் சொன்னது எது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அன்று முழுக்க அதைத்தான் தேடினேன். எனக்கும் தெரியவில்லை. படிப்பு இல்லை என்றால் தங்கும் அனுமதியும் இல்லை. ஆகஸ்டில் கிளம்புகிறேன்.

ஒரு வகையில் நல்லதுதான். கல்யாணத்துக்கு இருப்பேன். கோகிலாவை நான்தான் மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அது ஒன்றையாவது எனக்கு விட்டு வையுங்கள்.

உங்கள் தம்பி
ஈஸ்வரமூர்த்தி


உடுமலைப்பேட்டை
15.7.1997

ஈஸ்வரா,

உன் கடிதம் வந்த அன்றே மாமாவைக் கூட்டிக்கொண்டு அன்னூருக்குப் போனேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் யாரிடமும் இப்படிப் போய் நின்றதில்லை. முதலில் அருமைக்காரர் வீடு. நீ அவருக்கு எழுதிய விளக்கத்தை எடுத்து வாசித்தார். "அம்மணி, கொடுத்ததைத் திருப்பி வாங்கறதுக்கு இது சைக்கிளுங்களா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் தோணுனப்ப வந்து நிக்கறேன், தோணுனப்ப ஊட்டுக்குப் போறேன்னா அப்பறம் சீர் எதுக்கு?" என்றார். அவர் சொன்னது நியாயம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

சென்னியப்பன் ஒப்புக்கொண்டான். "ஈஸ்வரனே நிக்கட்டுங்க்கா, எனக்கொண்ணுமில்லீங்க" என்றான். உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அவன் பெண்சாதிதான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, கோகிலாவுக்கு மாமன் சீருக்காகத் தன் தாய் வீட்டு வளையலை மாற்றி நெக்லஸ் செய்யச் சொல்லியிருப்பதை என்னிடம் சொன்னாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். எழுதிங்கள் ஆனதிலிருந்து அவன் வாரம் தவறாமல் வருகிறான். என் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். அவனைத் தள்ளி நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராமாத்தாள் என்னிடம் சொன்னதை நான் போய் அவனிடம் சொல்வதா?

ஊருக்கு வா. வராதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேடைக்கு வருவதாக இருந்தால் வராதே.

படிப்புப் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்புவாயா என்று தெரியவில்லை. அந்தச் சொல் உனக்கு ஏதாவது செய்யும் என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருந்தேன்.

உன் அக்கா
தெய்வாத்தாள்


காந்திபுரம், கோயமுத்தூர்
28.8.1997

அக்கா,

வந்து பத்து நாள் ஆகிறது. உடுமலை பஸ் நிற்கிற இடம் என் அறையிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு தடவை போய் நின்றேன். கண்டக்டர் "பொள்ளாச்சி, உடுமலை, ஏறுங்க ஏறுங்க" என்று கூப்பிட்டார். ஏறவில்லை.

என்னோடு படித்த சென்னகேசவன் பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறான். ஜெர்மனியிலிருந்து வருகிற இயந்திரங்களின் கையேட்டை மொழிபெயர்க்கும் வேலை கொடுத்திருக்கிறான். சாயங்காலம் இன்ஜினியர்கள் சில பேருக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறேன். நேற்று ப்ளைபன் வந்தது. வேரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒருத்தர், "சார், இது பரீட்சைக்கு வருமுங்களா?" என்று கேட்டார். வராது என்றேன். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம்.

பத்திரிகை வந்து சேர்ந்தது. சென்னகேசவன் கம்பெனி முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. தாய்மாமன் என்ற இடத்தில் சென்னியப்பன் பெயர். என் பெயரைக் கீழே தேடினேன். சுற்றமும் நட்பும் என்று அச்சடித்திருந்த இடத்தில் இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

மேடைக்கு வர மாட்டேன். கோகிலாவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஈஸ்வரமூர்த்தி


உடுமலைப்பேட்டை
19.9.1997

ஈஸ்வரா,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அரக்குச் சேலை கட்டிக்கொண்டு நான் தட்டு எடுத்து முன்னால் நின்றேன். ராமாத்தாள் எனக்குப் பின்னால் நின்றாள். அந்த நேரத்தில் சந்தோஷம் வரும் என்று எத்தனையோ நாள் காத்திருந்தேன். தட்டு கனமாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நீ வந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பந்தி விசாரித்த பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் சொன்னாள். "ஏனுங்க்கா, கண்ணாடி போட்ட ஒருத்தரு கடைசிப் பந்தியில தனியா உக்காந்து சாப்புட்டாருங்க. நீங்க ஆருங்கன்னு கேட்டனுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சவனுங்கன்னாரு. மொகச்சாடை உங்களாட்டவே இருந்துதுங்க" என்றாள். நான் அவளிடம், நன்றாகச் சாப்பிட்டாரா, ரசம் இரண்டாம் தடவை கேட்டாரா என்று விசாரித்தேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவன். என் மகள் கல்யாணத்தில் என் தம்பிக்குச் சொல்லிக்கொள்ள அந்த உறவுதான் கிடைத்ததா என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். வேறு என்ன சொல்லியிருப்பாய்? பெண்ணுக்கு மாமன் என்று சொல்லியிருந்தால் குழந்தையம்மாள் சிரித்திருப்பாள். மாமன் அப்போது மேடையில் கோகிலாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இது சென்னியப்பன் காதுக்கும் போய்விட்டது. அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டான். "நான் என்னங்க்கா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டான். நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை சாமி என்று சொல்லி மறுபடி உட்கார வைத்தேன். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். உனக்கு நான் அப்படிப் பக்கத்தில் இருந்து சோறு போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

தீபாவளிக்குக் கோகிலாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அப்போதாவது வரட்டுமா என்று கேட்டு எழுதினாலும் எழுதுவாய். வராதே ஈஸ்வரா. உன்னைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் சென்னியப்பன் மனசு நோகும். இனிமேல் நான் பார்க்க வேண்டிய மனசு அவனுடையதுதான்.

தெய்வாத்தாள்